ஆக்சைடு தெரு

ப்ரோக்கன் ஹில்லில் தெருக்களுக்குத்
தாதுக்களின், ரசாயனங்களின் பெயர்.
எங்கள் வீடு ஆக்சைடு தெருவில்.
துருவுக்கு நாங்களே முகவரி கொடுத்திருந்தோம்.

"மேல்தோல் அலுமினியம், அதற்கு ஒன்றும் ஆகாது"
என்றார் டாரில், லேண்ட் ரோவருக்கு அடியில் படுத்தபடி.
"எலும்புதான்."
ஸ்க்ரூடிரைவரால் சேஸியைக் குத்தினார்.
ஊறிய ரஸ்க்கில் இறங்குவதுபோல் இறங்கியது.
"வெல்டிங் வைக்கலாம், டாக்டர்.
எதோடு சேர்த்து வைப்பது?"

பல்லைப் பார்த்து ஆட்டுக்கு வயது சொல்பவள் நான்.
இதற்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை:
முப்பத்தொன்று.
காலையில் சிமெண்டுத் தரையில்
எண்ணெய்ப் புள்ளி வைத்துவிட்டுக் கிளம்பும்,
யாரும் இழை இழுக்காத புள்ளிகள்.
மழை வந்தால் என் வலது முழங்காலில் மட்டும் பெய்யும்.
(இங்கே மழை எப்போது வருகிறது என்பது வேறு கதை.)
பின்கதவில் ஒரு நெளிவு,
ஊசிக்கு முன்பே ஒரு மெரினோ கிடா
தன் கருத்தைப் பதிவு செய்த இடம்.

அருமைநாதன் எக்ஸெலில் கணக்குப் போட்டார்.
நான்கு வருட ரிப்பேர்க் காசில்
புது வண்டியின் முன்பாதி வந்திருக்குமாம்.
"பின்பாதி?"
"உன் முதுகுக்கான பிசியோதெரபி.
தனி நிரலில் இருக்கிறது."

வாதாடியிருப்பேன்.
மில்பரிங்கா பக்கம் ஒரு கெல்பி நாய்
வாதத்துக்குக் குறுக்கே வந்து படுத்துவிட்டது.
பழுப்புப் பாம்பு கடித்திருந்தது.
ஃபிரிட்ஜின் ஃபியூஸ் போய், ரேடியேட்டர் கொதித்து
நாற்பது நிமிடம் நின்றேன் சாலையோரம்,
விஷமுறிவு மருந்து என் கையில் வெதுவெதுக்க.
போய்ச் சேர்ந்தபோது குழி பாதி வெட்டியாகியிருந்தது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
டீ கொடுத்தார்கள்.
பாலும் சர்க்கரையும் சரியாக இருந்தன.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

பழசு என்ற சொல்லுக்கு
விசுவாசம் என்று பொருள் எழுதியவர்
யாரென்று தெரிந்தால்
அந்த டீயைக் கொடுப்பேன்.

புதியதுக்கும் அதே பெயர்தான்.
பெயரைச் சுமப்பவன் பெயரன்;
மூக்கும் முழியும் யாரைக் கொண்டதோ.
கதவைத் திறந்ததும் விளக்கேற்றுகிறது.
தூக்கம் வருகிறதா, காபி குடிக்கலாமா என்கிறது.
ஃபிரிட்ஜில் மருந்து நாலு டிகிரியில் சொகுசாக வருகிறது.
பாக்சேடில் சாலையில் போன மாதம்
ஒரு நாயைப் பிழைக்க வைத்தேன்.
வைத்தோம்.

பழையதை வாங்க வந்தவள் பெயர் மார்லி.
சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன், இருபத்தாறு வயது.
மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல் நாலு பக்கமும் சுற்றினாள்.
என்ஜினை எடுத்துவிடுவாளாம்.
மோதி நொறுங்கிய ஒரு காரின் பேட்டரிகள் வைத்திருக்கிறாள்.
சேஸி புதிது. வயரிங் புதிது.
"பிறகு மிச்சம் என்ன?" என்றேன்.
யோசித்தாள்.
"கண்ணாடியை இறக்கும் அந்தக் கைப்பிடி
நன்றாகத்தான் இருக்கிறது" என்றாள்.

அருமைநாதன் தரையைத் தேய்க்க ஏதோ திரவம் வாங்கி வந்தார்.
மூடி திறக்காமல் அது ஷெட்டில் இருக்கிறது.
என் இடது கை இன்னும்
இரண்டாம் கியரைத் தேடி
தண்ணீர் பாட்டிலைப் பிடிக்கிறது.

நேற்று மாலை க்ளோரைடு தெரு முனையில்
கடக்க நின்றிருந்தேன்.
முன்பெல்லாம் நான் வருவதற்கு
மூன்று தெரு முன்னாலேயே நாய்கள் குரைக்கும்.
இப்போது ஒரு சத்தமுமில்லை.
முதுகுப் பக்கமிருந்து காற்று மட்டும் வந்தது.
திரும்புவதற்குள் கடந்து போய்விட்டது
ஏதோ ஒரு பச்சை வண்டி.
யாருடையதோ என்று நினைத்தபடி பார்த்தேன்,
பின்கதவில்
கிடாவின் நெற்றியகலத்துக்கு
ஒரு நெளிவு.