சொன்னபோது சரியாக இருந்த எண்

செவ்வாயும் வெள்ளியும் நான் விமான நிலையம்.
மற்ற நாட்களில் தபால் அலுவலகம்,
நண்டுக் கூடைக்குக் கயிறு விற்கும் கடை.
எழுபத்தோரு பேர் இருக்கும் தீவு இது.
ஆளுக்கு மூன்று தொப்பி மாட்டிக்கொண்டால்தான்
நாள் நகரும்.

எர்லண்ட் ஓடுதளத்திலிருந்து ஆடுகளை விரட்டிவிட்டான்.
பள்ளிச் சமையல்காரி ரோனா
முழங்கை வரை மாவோடு ஓடி வந்து
தீயணைப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்,
தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு.

ஸ்வார்ட்டே, ஸ்வார்ட்டே, கேட்கிறதா,
என்றது வானொலியில் ஒரு குரல்.
மூக்கடைத்த குரல்.
சளி பிடித்திருக்கிறது, பாவம், என்று நினைத்தேன்.
அந்த மனிதரைப் பற்றி
அதற்குமேல் ஒன்றும் தெரியாது எனக்கு.

முள்ளைப் பார்த்தேன்.
இருநூற்று நாற்பது டிகிரி. பதினாறு நாட்.
சொன்னேன்.

வெள்ளைச் செஸ்னா, வாலில் சிவப்புப் பட்டை.
மூக்கு ஒரு பக்கம், போகிற வழி ஒரு பக்கமாக
நண்டு நடை நடந்து வந்தது வானத்தில்.
நன்றாகத்தான் வந்தார்.
இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்போது காற்றுப்பை தொங்கிப்போனது,
ஈரத் துண்டு போல.
ஒரு மூச்சு நேரம்.
ரோனா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள்.
இங்கே பிறந்தவளுக்குத் தெரியும்,
மேல்காற்று இந்த மாதிரி நிற்பது
ஓடி வருவதற்காகக் கால் பின்வாங்குகிற நிலை.

முதலில் பார்லி வயல் படுத்தது.
பிறகு வேலிக் கம்பி பாடியது.
இடது சக்கரம் புல்லைத் தொட்டிருந்தது,
வலது சக்கரம் தொடவில்லை.
தொடாமலே
வலது இறக்கை எழுந்தது, எழுந்தது,
யாரோ அடியில் கை கொடுத்துத் தூக்குவது போல,
அவ்வளவு மெதுவாக.
இடது முனை மண்ணில் குத்திக் கோடு கிழிக்க
முழு விமானமும் காற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை.
கரண்டி நிறைந்த இழுப்பறையை
யாரோ தரையில் போட்ட மாதிரி.

வண்டியில் போக நாற்பது நொடி.
அதற்குள் அவர் இறங்கி நின்றிருந்தார்,
காற்று பிய்த்துக்கொண்டு போகாதபடி
கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.
உடைந்த விமானத்தின் கதவை.
மூக்கிலிருந்து ரத்தம், கம்பளிச் சட்டையில்.
"ஆடு எதிலும் மோதவில்லையே?" என்றார்.
பெயர் லாக்கன் டஃப்டி.
பல் மருத்துவராம், அபர்டீனில்.
ஒவ்வொரு தீவாக இறங்கி, தேநீர் குடித்து,
குறித்து வைத்துக்கொண்டு திரும்புகிறவர்.
எங்களுடையது பத்தொன்பதாவது.
பெட்ரோல் வாசத்தில் நின்றபடி
ரோனா அவர் முகத்தைத் துடைக்கத் துடைக்க
மாவு ஒட்டிக்கொண்டது.
"இது இறங்கினதாகக் கணக்கில் வருமா?"
என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.
பிறகு அவரே சிரித்தார். பிறகு நடுங்கினார்,
வெகு நேரம்.

வியாழனன்று பெருநிலத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.
நீங்கள் கொடுத்த காற்று என்ன?
சொன்னேன்.
நல்லது, உங்கள்மேல் தவறில்லை, என்றாள்.
கருவி காட்டுவது
கடந்த இரண்டு நிமிடத்தின் சராசரி, தெரியுமல்லவா?
தெரியும்.
போய்விட்ட காற்றைத்தான்
பதினோரு வருடமாகப் படித்துச் சொல்கிறேன்,
வருகிறவர்களுக்கு.

அன்றைக்குப் பள்ளியில் ரொட்டி கருகிவிட்டது.
ஒன்பது பிள்ளைகள் சூப் மட்டும் குடித்தார்கள்.

விமானத்தை எடுத்துப்போகப் படகு இன்னும் வரவில்லை.
எர்லண்ட் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறான்,
கடன் சொல்லி வாங்கின என் கயிறு.
சாய்ந்த இறக்கைக்குக் கீழே
ஆடுகள் படுத்து அசை போடுகின்றன,
காற்றுப் படாத பக்கமாக.
மதியம் பார்த்தேன்,
எழுந்து எல்லாம் மறுபக்கம் போய்ப் படுத்தன.
உள்ளே ஓடிப்போய் முள்ளைப் பார்த்தேன்.
அது இன்னும் திரும்பவில்லை.