புவான் ரோஹானாவின் குரல்

ஆறே கால்.
மண்டபத்தை எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள்,
முதுகலை என்றாலும்.
அதனால் மோட்டாரை எடுத்துக்கொண்டு
தஞ்சோங் மாலிம் தாண்டி
செம்பனைக் காட்டில் பதினான்காவது நிரைக்குப் போய்
கத்துகிறேன்.

வயிற்றிலிருந்து. தொண்டையிலிருந்து அல்ல.
கணவனைக் கொன்றவள்
தன் கையை முதல்முறை பார்க்கிற கத்தல்.
ஓர் ஆந்தை எழுந்து
வேறு மரத்துக்குப் போயிற்று.

முதல் வாரமே காவலாளி ஓடி வந்தார்,
கையில் டார்ச், காலில் ஒற்றைச் செருப்பு.
"உலார்? உலார்?"
பாம்பில்லை என்றேன். பரீட்சை என்றேன்.
தில் பகதூர். நேப்பாளம்.
இந்த கேட்டில் ஏழு வருஷம்,
தமிழும் மலாயும் கலந்து ஒரு பாஷை.
கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:
"அப்ப நான் போய் செலிப்பார் தேடறேன்."

எட்டிலிருந்து பத்து வரை
தரையில் மல்லாந்து கிடப்போம்,
முதுகெலும்பைக் கண்ணி கண்ணியாக அவிழ்த்தபடி.
அம்மா போனில் கேட்கிறாள்:
"இன்னிக்கு என்னா படிச்ச?"
"மூச்சு விட."
"அதுக்கா கடன் வாங்கியிருக்க?"
இருபத்தெட்டு வயதாகிறது எனக்கு.
அதை அவள் சொல்லவில்லை.
சொல்லாத இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டாள்,
எங்கள் வகுப்பில் யாருக்கும் வராத இடைவெளி.

மத்தியானம் அறையில்
நூர் இஸ்ஸாதி எனக்கு எதிர்வசனம் படிப்பாள்
மெகி கிண்டிக்கொண்டே.
அரசன், தூதுவன், செத்துப்போன புருஷன்
எல்லாரும் ஒரே குரலில்,
நடுநடுவே உப்பு போதுமா என்றும்.

ஆறு மணிக்கு மேல் பாவ் கடை.
காயா ரெண்டு, சிவப்பு பயறு ஒன்று, கறி இல்லை தீர்ந்துபோச்சு.
ஆவியில் முகம் வெந்தபடி
வருகிறவர்களின் நடையைத் திருடுகிறேன்.
லோரிக்காரரின் இடுப்பு.
சில்லறையை உதட்டால் எண்ணுகிற பெண்.
இதுவரை பதினேழு நடை,
ரசீதுகளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.
தவ்கே மட்டும் நடப்பதே இல்லை.
ஸ்டூலோடு நகர்வார்.

டாக்டர் ஃபௌஸி சொல்கிறார்:
"நீ நடிக்கிறாய். தெரிகிறது.
தெரியாமல் நடி."
குறித்துக்கொள்கிறேன்.

போன வாரம் ஒரு காலை
கத்தி முடித்து இருமிக்கொண்டிருந்தபோது
தில் ஒரு போனை நீட்டினார்.
பாஸ்போர்ட் ஏஜெண்ட் கையில்.
நாலு மாசமாய் நாளைக்கு நாளைக்கு என்கிறான்.
"நீ வேற ஆளா பேசுவ இல்ல.
பேசு."

மணி ஏழு ஆகவில்லை.
கால்களைச் சற்று அகட்டினேன்.
தோளை இறக்கினேன்.
யாரை எடுப்பது என்று தேடினேன்,
கல்விக் கடன் கவுண்டரில்
என் பாரத்தை மூன்று தரம் திருப்பித் தந்த அம்மாள் வந்தார்,
அவரது மூக்குக்கண்ணாடிச் சங்கிலியோடு.

"ஹலோ. புவான் ரோஹானா பேசுகிறேன். அலுவலகத்திலிருந்து."
எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை.
அவனும் கேட்கவில்லை.
நிறுத்தினேன்.
அம்மா விடுவது போல ஓர் இடைவெளி விட்டேன்.
அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம்.
"செவ்வாய்க்கிழமை, புவான். கண்டிப்பாகச் செவ்வாய்க்கிழமை."

வைத்த பிறகுதான் என் கை ஆடியது.
தில் கைதட்டவில்லை.
பையிலிருந்து ஒரு கேப்பி டப்பா மைலோ எடுத்து
மோட்டார் கூடையில் வைத்தார்.

அன்றே பத்து மணிக்கு
அரசியாக நின்றேன் வகுப்பில்.
"நம்ப முடியவில்லை" என்றார் டாக்டர் ஃபௌஸி.
"உனக்கு அதிகாரம் பழக்கமில்லை."
ஆமாம் சார் என்றேன், என் சொந்தக் குரலில்.

செவ்வாய் போனது.
புதன்கிழமை கேட்டில் வேறொருவன், சின்னப் பையன்,
தொப்பி காதுவரை இறங்கியிருந்தது.
தில் எங்கே என்றேன்.
தோளைக் குலுக்கினான்.

ஊருக்குப் போய்விட்டாரா,
வேறு கேட்டுக்கு மாற்றிவிட்டார்களா,
அலுவலகத்திலிருந்து பேசியது யாரென்று
யாராவது விசாரித்தார்களா?

இரவு பாவ் கடைக் கழிப்பறைக் கண்ணாடியில்
அந்தக் குலுக்கலை
மூன்று விதமாய்ச் செய்து பார்த்தேன்.
மூன்றும் நன்றாக வந்தது.
வெளியே தவ்கே கத்துகிறார்,
காயா நாலு.