பக்கம் நாற்பத்திரண்டு

கிரிம்ஸ்பி நூலகத்தில்
முப்பத்தொரு வருஷம் தேதி முத்திரை குத்தியவள் நான்.
மேவிஸ் ஹெப்டன் செத்த வாரம்
பத்திரிகைக்காரப் பையன் ஒருவன் வந்து கேட்டான்.
பெரிதாக எதுவும் சொல்லவில்லை.

அப்பா ஐஸ்லாந்துப் பக்கம் போகிற இழுவைப் படகில்.
மூன்று வாரம் கடல், மூன்று நாள் கரை,
அந்த மூன்றிலும் பாதி மதுக்கடை.
அம்மா கொல்லைச் சுவரில் வலையை மாட்டிக் கண்ணி பின்னுவாள்.
ஊசிகளில் நூல் ஏற்றித் தருவது மேவிஸ்.
பதினைந்து வயதில் பனிக்கட்டி ஆலையில் டைப்பிஸ்ட்:
இத்தனை டன், இன்ன படகு, இன்ன தேதி.
மத்தியானம் ரொட்டியைக் கடித்தபடி
ரசீதுகளின் முதுகில்
வேறொன்றை அடித்தாள்.

முதல் நாவலில் ப்ரெண்டா என்று ஒரு பெண்.
பதிமூன்று வயது.
நடுராத்திரி. வீடெல்லாம் குறட்டை.
படுக்கை விரிப்பில் ஒரு கறை.
சுருட்டி எடுத்துக்கொண்டு படியிறங்கி
விளக்குப் போடாமல் குழாயடியில் அலசுகிறாள்,
பச்சைத் தண்ணீரில்.
வெந்நீர் பட்டால் ரத்தம் துணியைப் பிடித்துக்கொள்ளும்,
அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.
மூன்று பக்கம், அவ்வளவுதான்.

லண்டனிலிருந்து பதிப்பாளர் பாசெட்-லோ
கிரீம் நிறத் தாளில் நாசூக்காக எழுதினார்:
"அருமையான கதை. அந்த மூன்று பக்கம் மட்டும்.
நம் வாசகிகள் இதையெல்லாம் நினைப்பதில்லை."
அறுபத்திரண்டாம் வருஷம். வாடகை ஆறு வாரம் பாக்கி.
மேவிஸ் கொடுத்துவிட்டாள்.
கொடுத்துவிட்டேன் என்றுதான் சொல்வாள்,
வெட்டினார்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அதன்பின் பத்தொன்பது நாவல்கள்.
காதலிப்பவள், தேர்வில் தோற்பவள்,
பக்கத்துத் தெருவரைக்கும் ஓடிப்போய்த் திரும்புபவள்.
ஒவ்வொன்றிலும் யாரோ ஒருத்தி
நள்ளிரவில் எழுந்து குழாயைத் திறப்பாள்,
ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பாள், போய்ப் படுப்பாள்.
"ஹெப்டனின் பெண்களுக்கு ஏன் இவ்வளவு தாகம்?" என்று
ஞாயிறு இதழில் ஒருவர் கேலியாக எழுதினார்.

சொந்த மகள் ஜில்லியனுக்குப் பதினான்கு ஆனபோது
அவள் அறைக்கதவு சாத்தியே இருந்தது.
அம்மாவின் புத்தகம் ஒன்றைக்கூட அவள் திறந்ததில்லை.
மூட்டை மூட்டையாக ஊரார் மகள்களின் கடிதம் வரும்;
இவள் கதவுக்கு வெளியே நின்று
"டீ ஆறுது" என்பாள்.
எப்படித் தெரியும் என்கிறீர்களா?
ஜில்லியன் என் வகுப்பு.

தொண்ணூற்றொன்றில் பழைய புத்தகங்களைக் கழித்துக் கட்டினோம்.
பெட்டி பெட்டியாக வாசலில், ஒன்று பத்துப் பென்ஸ்.
பிளாஸ்டிக் மழைத்தொப்பியோடு வந்தவள்
தன் முதல் நாவலையே எடுத்தாள்,
முதுகு ஒட்டுப்போட்ட பிரதி.
புரட்டிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

பக்கம் நாற்பத்திரண்டு.
பாதியில் அத்தியாயம் முடிந்து, கீழே வெறும் வெள்ளை.
மூன்று பக்கத்தை எடுத்தவள்
மறுநாள் காலைக் கொடியில் தொங்கிய ஈர விரிப்பை
எடுக்க மறந்திருந்தாள்.
அந்த வெள்ளையில் பென்சிலால் சின்ன எழுத்து:
"விரிப்பு ஏன் நனைஞ்சிருக்கு? எனக்குத் தெரியும்."
அதற்குக் கீழே நீல மையில்: "எனக்கும்."
அதற்குக் கீழே: "எனக்கும். மார்ச் 3."
"எனக்கும், பள்ளிக்கூட பஸ்ஸில்."
"எனக்கு இன்னும் இல்லை."
பதினோரு கையெழுத்து.
ஒன்று யாருடையதென்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

நூலகப் புத்தகத்தில் கிறுக்கினால் அழிக்க வேண்டியது என் வேலை.
ரப்பர் எப்போதும் என் மேஜையில்தான் இருந்தது.

கண்ணாடியைக் கழற்றினாள், மாட்டினாள்.
"பென்சில் இருக்கா?" என்றாள்.
கொடுத்தேன்.
என்னவோ எழுதினாள், நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
புத்தகத்துக்குப் பத்துப் பென்ஸ் கொடுத்தாள்.
பென்சிலைத் திருப்பித் தரவில்லை.