இரண்டு அங்குலம் கீழே

அக்டோபரில் கட்டிலைப் பிரித்தேன்.
கிளேட்டன் அதில் படுத்து
இரண்டு குளிர்காலம் ஆயிற்று.
மெத்தை தரைக்கு வந்தது.
பக்கச் சட்டம் இரண்டும் நல்ல எல் வடிவ இரும்பு,
ஒரு நூல் கனம்.

அவன் விட்டுப்போன இன்னொன்று கொட்டகையில்:
வயிறு தாழ்ந்த பனிவண்டி.
புதுப்பனியில் ஏறினால்
முட்டைமேல் கோழி மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.
குடாவுக்கு அப்பால் ஒன்பது மைல்,
விறகு அங்கேதான்.

ஓடுபட்டையைத் தாங்கும் சட்டகம்
வண்டியின் முதுகுத் தகட்டில்
நான்கு போல்ட்டில் தொங்குகிறது.
அந்த நான்கு துளையையும்
இரண்டு அங்குலம் கீழே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.
கால் இறங்கினால் வயிறு ஏறும்.
அதற்கான பிராக்கெட் கடையில் நானூறு டாலர்,
லாப்ரடார் வரைக்கும் கப்பல் கூலி தனி.
ஓட்ஸ் டப்பாவின் அட்டை சும்மா கிடைக்கிறது.

முதல் அட்டை பொய் சொன்னது.
இரண்டாவதை நானே தப்பாக வெட்டினேன்.
மூன்றாவது
துளைமேல் துளை பொருந்தி உட்கார்ந்தது.

கட்டில் இரும்பு டிரில்லை மதிக்கவில்லை.
மூன்று அலகு முறிந்தது.
துளை இருக்கவேண்டிய இடத்தில்
பளபளவென்று ஒரு குழி மட்டும்.
எல்ட்ரெட் வெல்டிங் பெட்டியோடு வந்தார்,
கூலி ஆறு பனிக்கோழி.
இரண்டிரண்டாக ஒட்டினார்.
"கட்டில் இரும்பா? கெட்டிதான், வெர்னா.
ஆனா வளையத் தெரியாது."
இரும்பைப் பற்றித்தான் சொன்னார்.

ராத்திரி பதினொரு மணிக்கு
நான்கையும் பெஞ்சில் வரிசையாக வைத்துப் பார்த்தேன்.
நான்கும் இடதுபக்கத்தவை.
அட்டையைத் திருப்பிப்போட மறந்திருக்கிறேன்.
ஆளில்லாத கொட்டகையில்
கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.
மிச்சச் சட்டத்தில் இன்னும் இரண்டு.
கூலி மூன்று பனிக்கோழி கூட.

மாட்டியதும் ஓடுபட்டை மத்தளம்போல் விறைத்தது.
பின்சக்கரத்தை முன்னால் தள்ளித் தளர்த்தினேன்,
நான்கு விரல் உள்ளே போகும்வரை.

ஜனவரி, மைனஸ் இருபத்தேழு.
போகும்போது வயிறு நனையவில்லை.
திரும்பும்போது, பின்னால் அரை டன் விறகு,
பனிக்கட்டி மேடு ஒன்றில் ஏறி இறங்கியது வண்டி.
கண்ணாடி உடைகிற சத்தம்.
என்னிடம் கண்ணாடியே இல்லை.

பிர்ச் கொம்பு ஒன்றை முட்டுக்கொடுத்து
வலைக்கயிற்றால் கட்டினேன்.
விறகை அங்கேயே விட்டேன்.
ஆக்ஸிலரேட்டரைக் கட்டைவிரலால் தொட்டும் தொடாமலும்
வண்டியோடு நடந்தேன்.
நான்கு மணிநேரம்.
கிளேட்டனைத் திட்டலாம் என்று ஆரம்பித்தேன்,
அதுவும் பாதி வழியில் தீர்ந்துபோயிற்று.

நண்டு ஆலையின் பின்புறம்
கழற்றிப்போட்ட கன்வேயர், அதன் பக்கத் தகடு,
இரண்டு நூல் கனம்.
கேட்டேன்.
மேற்பார்வையாளர் வேறுபக்கம் பார்த்தார். பதில் அதுதான்.
பொட்டு வைத்து, எண்ணெய் விட்டு,
டிரில்லை மெல்ல அழுத்தினால்
ஆப்பிள் தோல் மாதிரி சுருள் சுருளாக வந்தது இரும்பு.
சூடுகாட்டி விளிம்பை மடக்கினேன்.
மடங்கியது.
பிசிறை அரத்தால் ராவி,
கை வைத்துத் தடவிப் பார்த்து,
பிறகும் ஒருமுறை தடவிப் பார்த்து.

இது மார்ச்.
பதினொரு நடை விறகு வந்துவிட்டது,
மேட்டில் விட்டதையும் சேர்த்து.
நேற்று டேப்பைப் பிடித்துப் பார்த்தேன்:
வண்டி உயர்ந்தது இரண்டு அங்குலமும் ஒரு நூலும்.
அந்த ஒரு நூல் எங்கிருந்து வந்ததோ.

மைரா தன் வண்டிக்கு அச்சு கேட்டாள்.
அட்டையைத் தேடி எடுத்தேன், எண்ணெய்க்கறை,
ஓரத்தில் ஓட்ஸ் கிண்ணம் பாதி.
இடது என்று எழுதியிருந்தது.
திருப்பிப்போட்டு
வலது என்று எழுதிக் கொடுத்தேன்.
அந்த ஒரு சொல்லுக்கு
ஒரு கட்டில் செலவு.