எழுபத்தொன்பது ரூபாய்க்கு ஒரு ஜாக்கெட்

விடிகாலை நாலே முக்காலுக்குக் கம்பத்தில் ஜீப் ஏறினால்
பதினாலு பேரில் நான் கடைசி,
பாதி சீட்டில், பாதி போதுமணியின் மடியில்,
இரண்டு கையிலும் போன்.
மலையேற ஏறத் தமிழ்நாட்டு டவர் கைவிடும்.
மேட்டுச் செக்போஸ்ட் தாண்டினால்தான் கேரள டவர் வரும்.
நடுவில் இரண்டு நிமிஷம்
என் ஆள் எந்த மாநிலத்திலும் இல்லாமல்
சண்டைக்கு நடுவே சிலையாக நிற்பாள்.
பெரும்பாலும் அங்கேதான் செத்துப்போவேன்.

விளையாட்டு சும்மா தந்தது ஒரு பச்சைச் சட்டை.
அதைப் போட்டவளைக் கண்டால்
நாலு பக்கமிருந்தும் ஓடி வருவார்கள்.
புதுசு, ஏமாளி, வா வா என்று
சட்டையே சொல்லிக் கொடுத்துவிடும்.
இடுப்பில் யூரியாச் சாக்கு கட்டி வருகிறவளைப் பார்த்ததும்
கண்காணி அட்டைச் சரிவுக்கு அனுப்புவார் அல்லவா,
அதே கணக்கு.

மழைக்கு வேலை நின்ற ஒரு செவ்வாய்க்கிழமை
எழுபத்தொன்பது ரூபாய் கட்டிச்
சிவப்பு ஜாக்கெட் வாங்கினேன்.
"ஜாக்கெட்டா? அளவெடுத்தது யாருடி?"
போதுமணி சிரித்த சிரிப்பில்
டிரைவர் சுருளிராசு ஒரு வளைவை அகலமாக எடுத்தார்.

அது குண்டைத் தடுக்காது.
பொடி எழுத்தில் அவர்களே போட்டிருக்கிறார்கள்.
ஆனாலும் முதல் ஆட்டத்திலேயே
சுவரோரம் என்னைப் பார்த்த இருவர்
திரும்பி வேறு வீட்டுக்குப் போனார்கள்.
ஜாக்கெட் ஒன்றும் செய்யவில்லை. அவர்கள்தான் செய்தார்கள்.
இதைக் காசு கொடுத்து ஜெயித்தது என்பதா?
ஏலத்தில் பச்சை கூடினால் கிலோவுக்கு விலை கூடுகிறது,
மணம் அதேதான்.
யாரும் அதை அழுகுணி ஆட்டம் என்பதில்லை.

ஸ்டோரில் எடை எழுதும் ஜோபினிடம்
நிஜமாகவே கூடச் சுடும் துப்பாக்கி இருக்கிறது.
நாலாயிரம் போட்டானாம், ஒளிக்காமல் சொன்னான்.
"சேச்சி, என்னுது காசு. உங்களுது வெறும் அலங்காரம்."
கொஞ்ச நேரம் கழித்து,
"திறமையும் உண்டு கேட்டோ."

கஞ்சி நேரத்தில் உலர்த்தும் அறை வாசலில்
அவன் வைஃபையில் ஆடினோம்.
மூன்று ஆட்டம் போயிற்று.
புல்லுக்குள் எங்கே படுத்தாலும்
சிவப்பு கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்தது.
நாலாவதற்கு ஜாக்கெட்டைக் கழற்றிப்
பழைய இனாம் சட்டையை மாட்டினேன்.
பச்சைக்குள் பச்சை.
கடைசியில் மிச்சம் அவனும் நானும்.
சிவப்பைத் தேடிக்கொண்டே
என் தலைமாட்டில் ஓடிப் போனான்.
முதுகில் மூன்று.
"சே, ஏதோ பாட்டு!"
மனுஷி இல்லை, ஆளில்லாமல் ஆடும் யந்திரம் என்று நினைத்துவிட்டான்.
பிறகு திரையில் என் பெயர் வந்தது.
என்னைப் பார்த்தான். போனை மேஜைக்குள் வைத்தான்.

சாயங்காலம் தராசில்
என் மூட்டை நேற்றைவிட இரண்டு கிலோ குறைவு.
"வெயில் அடிச்சல்லோ சேச்சி, காய்க்குக் கனமில்லை."
இருக்கலாம்.
இன்றைக்கு வெயில்தான்.
போதுமணியின் மூட்டைக்கு மட்டும்
வேறு வெயில் போலிருக்கிறது.

இறங்கும்போது ஜீப்பில் யாருக்கும் பேச்சில்லை.
அந்த ஜாக்கெட்டை நினைத்துக்கொண்டேன்.
சாயம் போகாது. நனையாது.
அடகு வைக்க முடியாது.
பள்ளிக்கூடம் போகும் தங்கச்சிக்குக் கொடுக்கவும் முடியாது.
அதைப் போட்டுத் தோற்றேன், கழற்றி ஜெயித்தேன்,
ஜெயித்ததற்கு இரண்டு கிலோ கட்டினேன்.
எது ஆட்டம், எது விலை என்று கூட்டிப் பார்ப்பதற்குள்
டவர் போய்விட்டது.

இரண்டு நிமிஷ இருட்டு.
அடிவாரத்து விளக்குகளோடு போனும் விழித்தது.
ஜோபினுடைய அதே துப்பாக்கி,
பாதி விலை, இன்றிரவு பன்னிரண்டு மணி வரை.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த போதுமணி
காலையில் போலச் சிரிக்கவில்லை.
"எவ்வளவுடி?" என்றாள்.