பருவத்துக்கு இருபத்தாறு நாள்

பள்ளிப்பட்டில் உரக்கடை மாடியில்
இரண்டு நாற்காலி, ஒரு இன்வெர்ட்டர்,
வாடகையோடு சேர்த்து யூரியா வாசனை:
எங்கள் நிறுவனம்.

புத்தூர் சாலையில் மாம்பழக் கூழ் ஆலை.
அதற்கு ஒரு டோக்கன் தளம் வேண்டுமாம்.
போன வருடம் கிளிமூக்கு ஏற்றிவந்த டிராக்டர்கள்
மூன்று இரவு வரிசையில் கிடந்தன.
முதல் நாள் காய்,
இரண்டாம் நாள் பழம்,
மூன்றாம் நாள் ஈ.

"என்ன பாஷையில செய்வீங்க?"
மேலாளர் பாபிரெட்டி கேட்டார்.
நான் வாய் திறக்குமுன் கோதண்டன்
"கோ" என்றான்.
"கோவாவா? தெலுங்கு வேணாமா?"
"தெலுங்கும் வரும் சார், தமிழும் வரும்,
அது மேலே. நான் சொல்றது அடியில."
"அடியில எதுவேணா போடுங்க.
காய் இறங்கறதுக்குள்ள போடுங்க."

அன்றிரவு முதல் அடியில் என்ன என்பதே பேச்சு.
அவன் கொண்டுவந்த ஃப்ரேம்வொர்க்
பிறந்து ஆறு மாதம்;
கையேட்டில் பாதிப் பக்கம் 'விரைவில்'.
நான் பைத்தான், ஜாங்கோ என்றேன்.
காரணம் பதினொன்று எழுதிச் சுவரில் ஒட்டினேன்.
பன்னிரண்டாவதை எழுதவில்லை:
எனக்கு வேறெதுவும் சரளமில்லை.

நொடிக்கு நாற்பதாயிரம் பேர் வந்தாலும்
தாங்கும் என்று அளந்து காட்டினான்.
நாளுக்கு அறுநூறு டிராக்டர்தானே என்றேன்.
"நாளைக்கு வளர்ந்தா?"
"மாங்கன்று காய்க்க நாலு வருஷம்.
அதுக்குள்ள மாத்தி எழுதிக்கலாம்."
அவன் சிரிக்கவில்லை.
இருபத்து மூன்று நாள் மிச்சம்.

மாதிரிப் பக்கத்தோடு ஆலை வாசலுக்குப் போனோம்.
ஒரு டவர் அந்தப் பக்கம் இழுக்க
ஒன்று இந்தப் பக்கம் இழுக்க
நடுவில் ஒரு கோடு சிக்னல்.
கோதண்டன் ரியாக்டில் செதுக்கிய முகப்பு
விவசாயியின் கையில் வெள்ளையாய்ச் சுற்றியது.
அவர் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்,
இறக்கினார்,
சட்டையில் துடைத்துப் பார்த்தார்,
திருப்பிக் கொடுத்தார்.

எடைமேடைக் கூண்டில் இருந்தவள் தேசம்மா.
ரசீது கிழித்துக்கொண்டே கேட்டாள்,
"ராத்திரி ரெண்டு மணிக்கு நின்னுபோனா
யார் எழுந்து வருவீங்க?"
"நான்" என்றான் கோதண்டன்.
"கடைசி பஸ் ஒன்பதேகாலுக்குப் போயிடும்."
அடுத்த லாரியை மேடையில் ஏற்றிவிட்டு,
அதன் எடையை எழுதிவிட்டு,
நிமிராமலே சொன்னாள்:
"சித்தூர் பாலிடெக்னிக்ல பிஎச்பி படிச்சேன்.
ஹாஸ்டல் மெஸ் கணக்குக்கு ஒண்ணு எழுதி வெச்சேன்.
அது இன்னும் ஓடுது."

'இன்னும் ஓடுது':
நாங்கள் அளந்த எந்த அட்டவணையிலும்
அப்படியொரு கட்டமே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் நகரிவரை மௌனம்.
பிறகு, "பிஎச்பியா" என்றான்,
பெண் பார்க்கப் போன இடத்தில்
தரகரைக் கட்டிக்கொண்டவன் போல.
எனக்கும் வருத்தம்தான்.
பதினொரு காரணங்களையும் கிழித்தபோது
சுவரில் சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது.

லாராவெல்.
வெறும் எழுத்து, ஒரே ஒரு பொத்தான்.
பத்தொன்பது நாளில் முடித்தோம்;
அதில் நான்கு நாள் அவன் என்னோடு பேசவில்லை.
ஞாயிற்றுக்கிழமைகளில் இன்றும்
தனியாக உட்கார்ந்து கோ எழுதுகிறான்.
எதற்கென்று நான் கேட்பதில்லை.

பருவம் தொடங்கி எட்டாம் இரவு மழை.
இரண்டாம் கேட் சேறாகி ஒரு டிராக்டர் சாய்ந்தது.
நாங்கள் கொடுத்திருந்த டோக்கன் எல்லாவற்றிலும்
'கேட் 2'.
பள்ளிப்பட்டில் மின்சாரம் இல்லை,
என் போன் செத்துக் கிடந்தது,
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

காலையில் திறந்தால் நிரலில் ஏழு வரி புதிது.
அவற்றின் தலைமேல் ஒரு குறிப்பு,
தெலுங்கு எழுத்தில்.
எனக்குத் தெலுங்கு காதுக்கு மட்டும்தான்;
கண்ணுக்கு அது வட்டம் வட்டமாக ஜாங்கிரி.
கோதண்டன் வந்து குனிந்து
எழுத்துக்கூட்டி வாசித்தான்:

"மழ பெஞ்சா ரெண்டாங் கேட்டு கெடயாது.
இத யாரும் தொடாதீங்க."

தமிழ்தான்.

மூன்று பருவம் ஆயிற்று.
நான் எழுதியதை அவன் அழித்து
அவன் எழுதியதை நான் அழித்து
எங்கள் பங்கில் பழையது ஒன்றும் மிச்சமில்லை.
அந்த ஏழு வரி மட்டும்
தொடவில்லை.