பின்பக்கம் வரவு

தாராபுரம் பூக்கடை முக்கில்
மாடிப்படி ஏறினால் எங்கள் ஃபைனான்ஸ்.
பதினோரு வருஷமாக நான்
பிறர் வாக்குகளுக்குத் தேதி போடுகிறவள்.
கேட்கும்போது தருகிறேன் என்று எழுதி,
ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் பாதி விழக்
கையெழுத்து வாங்கி, சாட்சிக்கு இருவரைப் பிடித்து.
மூன்று வருஷம்தான் கெடு.
அதற்குள் எதுவும் வராவிட்டால்
நோட்டு வெறும் காகிதம்.
சுண்டல் மடிக்க ஆகும்.

எங்கள் பீரோக் கதவில் ஒட்டியிருப்பது வேறு.
வருஷப் பிறப்பு ராத்திரி ஆராதனையில்
எவர்சில்வர் தட்டிலிருந்து எடுத்த வாக்குத்தத்த அட்டை.
உள்ளங்கை அகலம், ஓரத்தில் ரோஜா அச்சு.
வலக்கையைப் பிடித்துக்கொள்வேன்
என்கிற பொருளில் ஒரு வரி.
ஸ்டாம்பு இல்லை, சாட்சி இல்லை,
எந்தத் தேதிக்குள் என்றும் இல்லை.

அந்தத் தை மாசமே
ரிக் வண்டியோடு ராய்ச்சூர் போன சுகிர்தராஜின் தோளில்
கேசிங் பைப் விழுந்தது.
‘எண்ணூறு அடியில தண்ணி வந்துருச்சுங்க அக்கா’
என்று போனில் அழுதான் உடன்போன பையன்.
முதலில் தண்ணீரைத்தான் சொன்னான்.

வலக்கை.
இடக்கை இருந்தது, கால் இரண்டு இருந்தன,
வலக்கைதான் போயிற்று.
அட்டையைக் கிழிக்கப் போனேன்.
நகம் வைத்த இடத்தில்
ரோஜாவின் ஒரு இதழ் உரிந்தபடி இருக்கிறது இன்னும்.

ஆபிரகாமுக்கு இருபத்தைந்து வருஷம், என்றார்கள் சபையில்.
அத்தனை வருஷமும் சாராள் என்ன சமைத்தாள்,
எந்தச் சுவரைப் பார்த்துப் படுத்தாள் என்று
நான் கேட்கவில்லை.
அடுத்த இரண்டு வருஷப் பிறப்புக்கும் தட்டு வந்தது.
கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

இந்த மார்கழியில்
‘காலாவதி ஆகறதையெல்லாம் எடுத்து வைங்க அம்மிணி’
என்றார் பொங்கியண்ணன்.
எடுத்து வைத்தேன். ஒன்றுக்கு இன்னும் ஆறே நாள்.
மூலனூரிலிருந்து முருங்கைக்காய் மணக்க ஒருவர் வந்தார்,
மூச்சு வாங்க, துண்டில் ஐந்நூறு ரூபாய் முடிந்து.
‘இதுதானுங்க இருக்குது. ஏமாத்தீருவன்னு நெனச்சுராதீங்க.’
நோட்டைத் திருப்பி
பின்பக்கம் வரவு ஐந்நூறு என்று எழுதி
அவர் கையெழுத்தை வாங்கினேன்.
அந்த நாளிலிருந்து இன்னொரு மூன்று வருஷம்.
அறுபதாயிரத்துக்கு ஐந்நூறு உயிர் கொடுத்துவிட்டுப்
படியிறங்கிப் போயிற்று.

பஸ்ஸில் காற்றாலைகள் கூடவே வந்தன.
சில சுற்றின. சில சும்மா நின்றன, அதே காற்றில்.

ராத்திரி அட்டையை உரித்தேன்.
பின்பக்கமெல்லாம் பசை, பீரோவின் பச்சை பெயிண்ட்.
என்ன வரவு வைப்பது?
பெருந்துறை ஆஸ்பத்திரியில் ஒருநாள் அவர் சுண்டுவிரல்
வெந்நீர் சுடுகிறது என்றது.
ராய்ச்சூர்ப் பையன் மாசம் தவறாமல் எண்ணூறு அனுப்புகிறான்,
அடிக்கு ஒரு ரூபாய் அவன் கணக்கு.
நான் ஜெபிக்காமல் இருந்த எட்டு மாசமும்
யாரோ எனக்காக முழங்கால் போட்டது போல
தூக்கம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

எழுதிவிட்டு நிறுத்தினேன். சட்டம் தெரியும் எனக்கு.
வாங்குகிறவளே எழுதிக்கொண்ட வரவு செல்லாது.
தருகிறவர் கை வேண்டும்.

பாயில் கிடந்தவர் பேனாவைக் கேட்டார்.
வலப்பக்கம் நீட்டச் சொன்னார்.
விரலிடுக்கில் செருகினேன்.
கீழே என் உள்ளங்கையை ஏந்தினேன், தொடாமல்.
மின்விசிறி மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும்,
ஒரு ‘சு’ வந்தது.
சுழி மூடவில்லை. வால்
அட்டையைத் தாண்டிப் பாயில் ஏறிவிட்டது.

இது யார் கையெழுத்து என்று நான் கேட்கவில்லை.
பழக்கத்தில்
கீழே தேதி போட்டேன்.